யார் இரத்தசாட்சி?

ஒரு கொள்கைக்காக உயிரை விட்டதாகச் சொல்லப்படுபவர் எல்லோரையும் தியாகி என்று ஏற்றுக்கொள்ளலாமா? கேட்பதற்குச் சற்றுக் கடுமையான கேள்விதான். ஆனால் பட்டியல் என்று ஒன்று போட உட்கார்ந்துவிட்டால் இதைக் கேட்காமல் தீராது. 1972-ல் நமது மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது, சிறை சென்றவரானால் குறைந்தது ஆறு மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும், சிறை ஆவணம் அழிந்துபோயிருந்தால் உடனிருந்த கைதியின் சான்றாவது வேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. நாட்டுக்காக அடிபட்டவரிடமே சர்டிபிகேட் கேட்கிறார்களே என்று மனம் நொந்தவர்கள் உண்டு. கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இதே சங்கடம் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ரோமப் பேரரசில் இருந்த கிறிஸ்தவ சபைகளுக்கும் வந்தது. தங்கள் நம்பிக்கைக்காக உயிர் நீத்தவர்களுக்கு அவர்கள் அளித்த மரியாதை மிகப் பெரியது. இறந்த நாளை 'பிறந்த நாள்' என்று சொல்லி ஆண்டுதோறும் கல்லறையில் கூடினார்கள். அந்தப் பெயர்களை வழிபாட்டில் நினைவுகூர்ந்தார்கள். அத்தனை பெரிய மரியாதை என்றால் அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதும் பெரிய விஷயம்தானே!

நான் சமய நூல்களை முறையாகக் கற்றவன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்தே காலத்தைக் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு ரோமாபுரிச் சரித்திரத்தில் ஈடுபாடு வந்தது. படிக்கப் படிக்க என்னைக் கவர்ந்தது, ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் வீரர்களைப் புகழ்ந்த விதம் அல்ல. 'இவரைச் சேர்க்க மாட்டோம்' என்று அவர்கள் சிலரை மறுத்த விதம்தான். புகழ்வது எல்லோருக்கும் எளிது. மறுக்கும்போதுதான் ஒருவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல் என்ன என்பது தெரியவருகிறது. அந்த அளவுகோலைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சொல் வந்த வழி

கிரேக்க மொழியில் 'மார்ட்டிஸ்' என்றால் சாட்சி. நீதிமன்றத்தில் நின்று, கண்டதைக் கண்டபடி சொல்கிறவர். அவ்வளவுதான் அதன் பொருள். சாவுக்கும் அதற்கும் ஆரம்பத்தில் சம்பந்தம் இல்லை. ஐரோப்பிய மொழிகள் பலவும் கிரேக்கச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதால், உள்ளே ஒரு 'சாட்சி' உட்கார்ந்திருப்பது அம்மொழிகளைப் பேசுவோருக்குத் தெரிவதில்லை. தமிழில் அப்படியில்லை. கத்தோலிக்கர் 'வேதசாட்சி' என்கிறார்கள். சீர்திருத்தச் சபையினர் 'இரத்தசாட்சி' என்கிறார்கள். மூலச் சொல்லின் பொருள் நம் மொழியில் குன்றாமல் நிற்கிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் பெரும்பாலும் சாட்சி சொல்பவர் என்ற பொருளிலேயே வருகிறது. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் (கத்தோலிக்கர் வழக்கில் முடியப்பர்), பெர்கமு நகரத்து அந்திப்பா ஆகிய இருவரைப் பற்றிய இடங்கள் போன்ற சிலவற்றில் சாட்சியும் சாவும் அருகருகே வந்துவிடுகின்றன. கி.பி. 155 வாக்கில் ஸ்மிர்னா நகரத்து ஆயரான பொலிகார்ப் என்ற முதியவர் எரித்துக் கொல்லப்பட்டார். ஸ்மிர்னா என்பது இன்றைய துருக்கியில் உள்ள இஸ்மிர். அந்த மரணத்தை விவரித்து ஸ்மிர்னா சபையார் எழுதிய கடிதத்தில் 'மார்ட்டிஸ்' என்றால் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர் என்ற பொருள் உறுதியாகிவிட்டது.

பின்னால் வந்த விதிகள் அனைத்தையும் இந்தச் 'சாட்சி' என்ற சொல்லிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல சாட்சிக்கு என்ன இலக்கணம்? அழைத்தால் வர வேண்டும்; அழைக்காமல் வந்து நிற்கக் கூடாது. கடைசி வரை வாக்குமூலத்தை மாற்றக் கூடாது. எந்த வழக்குக்கு வந்தாரோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும். அவர் சாட்சி சொன்னதற்குப் பதிவு இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசாரணை நடந்த விதம்

அதற்கு முன், அந்தக் காலத்து விசாரணை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. கி.பி. 112 வாக்கில் கருங்கடலோரத்து மாகாணம் ஒன்றில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு இது பற்றி எழுதிய கடிதமும் பேரரசரின் பதிலும் இன்றும் இருக்கின்றன. பிளினியின் முறை எளியது. 'நீ கிறிஸ்தவனா?' என்று மூன்று முறை கேட்பார். தண்டனை என்னவென்று எச்சரிப்பார். மூன்று முறையும் ஆம் என்றால் தண்டனை. இல்லை என்பவர் தெய்வங்களைத் தொழுது, பேரரசரின் உருவத்துக்கு முன் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துச் சொன்னால் விடுதலை.

டிராஜனின் பதிலில் இரண்டு விஷயங்கள் முக்கியம். இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம். பெயர் போடாத மொட்டைக் கடிதத்தை ஏற்க வேண்டாம். ஆக, ஒரு சிட்டிகை சாம்பிராணிதான் சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே இருந்தது. அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பலர் போனார்கள். போகாமல் நின்றவர் தானே தெரிந்து நின்றார். இந்தத் 'தெரிந்து நிற்றல்' இருந்ததால்தான் அந்தச் சாவு சாட்சியாயிற்று. அதே காரணத்தால்தான் பிரச்சினைகளும் கிளம்பின.

அழைக்காமல் வந்த சாட்சி

முதல் பிரச்சினை, சாவைத் தேடி ஓடியவர்கள். பொலிகார்ப்பைப் பற்றிய அந்தக் கடிதத்திலேயே குயிண்டஸ் என்று ஒருவர் வருகிறார். தானே போய்த் தன்னை ஒப்புக்கொடுத்ததோடு, வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு போனவர். அரங்கில் விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப்போய், அதிகாரி சொன்னபடி பலியிட்டுவிட்டுத் தப்பினார். அதை எழுதிய சபையார், தாங்களே போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை, வேதமும் அப்படிப் போதிக்கவில்லை என்று கறாராகச் சொல்லிவிடுகிறார்கள். பொலிகார்ப்போ நண்பர்கள் சொற்படி ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் போய்த் தங்கினார். தேடி வந்தபோது மறைந்து ஓடவில்லை. வந்த காவலருக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டுப் பிரார்த்தனைக்கு நேரம் கேட்டார். இந்த இரண்டு பேரையும் ஒரே கடிதத்தில் வைத்துக் காட்டியது தற்செயல் அல்ல. இப்படி இருங்கள், அப்படி இருக்காதீர்கள் என்பதுதான் செய்தி.

சுமார் கி.பி. 200-ல் அலெக்ஸாந்திரியா நகரத்து ஆசிரியர் கிளெமென்ட் இதே கருத்தை எழுதும்போது நம் நாட்டையும் இழுக்கிறார். சாவின் மேல் ஆசைப்பட்டு ஓடுபவர்கள் பொதுத் தண்டனையில் இறந்தாலும் சாட்சிகள் ஆகமாட்டார்கள். இந்தியாவின் நிர்வாணத் துறவிகள் வீணாக நெருப்பில் விழுவதைப் போன்றதே அது என்கிறார். அலெக்ஸாந்தர் காலத்திலிருந்தே கிரேக்கர்களிடையே பேசப்பட்ட செய்தி அது. நம்மவர்களை அவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்பது வேறு விஷயம். வாதம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

அதே நகரத்தில் கி.பி. 202-ல் லியோனிடஸ் என்பவர் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். பதினேழு வயது நிரம்பாத அவருடைய மூத்த மகனும் தந்தையோடு சாக வேண்டும் என்று துடித்தான். கெஞ்சிப் பார்த்தும் கேட்காததால் தாய் அவனுடைய துணிகளையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டாள். வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்து பிழைத்த அந்தப் பையன்தான் பிற்காலத்தில் பேரறிஞராக விளங்கிய ஓரிஜன். சபைகள் சட்டம் போட்டுச் செய்ததை அந்தத் தாய் ஒரு துணிமூட்டையை வைத்துச் செய்துவிட்டாள்!

சட்டமும் வந்தது. கி.பி. 305-ஐ ஒட்டி ஸ்பெயினில் எல்விரா என்ற இடத்தில் கூடிய ஆயர்கள், ஒருவர் விக்கிரகத்தை உடைக்கப் போய் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டால் அவரை இரத்தசாட்சிகளின் வரிசையில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அப்போஸ்தலர் காலத்தில் அப்படி யாரும் செய்ததாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறர் வணங்கும் பொருளை உடைத்து, அதனால் வரும் அடியைப் பெற்றுக்கொண்டு, அதையே தியாகம் என்று காட்டுவதற்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை. எந்த மதத்தாரும் எந்தக் காலத்திலும் படிக்க வேண்டிய தீர்மானம் என்பேன்.

உயிரோடு இருக்கும் சாட்சி

இரண்டாவது பிரச்சினை இன்னும் சிக்கலானது. சித்திரவதைப்பட்டும் மறுதலிக்காமல், ஆனால் சாகாமல் சிறையில் கிடப்பவரை என்னவென்று சொல்வது? கி.பி. 177-ல் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்தில் பெரிய துன்புறுத்தல் நடந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினஸ் அடிபட்டுச் சிறையிலேயே இறந்தார். பிளாண்டினா என்ற அடிமைப் பெண் கடைசி வரை அசையாமல் நின்று இறந்தாள். அங்கே பலமுறை வதைக்கப்பட்டும் உயிரோடு இருந்தவர்களை யாராவது இரத்தசாட்சி என்று அழைத்தால் அவர்கள் கடிந்துகொண்டார்களாம். அந்தப் பெயர் கிறிஸ்துவுக்கும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் மட்டுமே உரியது. நாங்கள் வெறுமனே அறிக்கையிட்டவர்கள்தான் என்றார்கள். சாவு வந்து முத்திரை குத்தும் வரை சாட்சியம் முடியவில்லை என்பது கருத்து. இப்படித்தான் 'சாட்சி', 'அறிக்கையிட்டவர்' என்று இரண்டு வகுப்புகள் பிரிந்தன.

கி.பி. 250-ல் பேரரசர் டேசியஸின் ஆணை வந்தது. பேரரசில் உள்ளவர்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. 'நான் எப்போதும் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் செய்தேன்' என்ற பாணியில், கையெழுத்தோடு இருக்கும் அரசாங்கப் படிவங்கள் அவை. கிறிஸ்தவர்களில் ஏராளமானோர் பணிந்துபோனார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், சிலர் எதுவும் செய்யாமல் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள்.

அலை ஓய்ந்ததும் இவர்கள் சபைக்குத் திரும்ப விரும்பினார்கள். இங்கேதான் சிறையில் இருந்தவர்களின் செல்வாக்கு ஓங்கியது. இரத்தசாட்சியாகப் போகிறவரின் பரிந்துரைக்குக் கடவுளிடம் மதிப்பு உண்டு என்ற நம்பிக்கையில், பணிந்துபோனவர்கள் சிறைக்குப் போய்ச் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் கார்தேஜ் நகரத்து ஆயராக இருந்த சிப்ரியன் இதனால் திண்டாடிப் போனார். கடிதத்தில் 'இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஒரு கடிதத்தைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நிற்பார்கள். யார் யார் என்று பெயர் குறித்து எழுதுங்கள் என்று சிப்ரியன் வேண்டினார். எனக்கு இது ரொம்பவும் பழக்கப்பட்ட விஷயமாகப் பட்டது. ரயில்வே பாஸில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'மற்றும் குடும்பத்தார்' என்று விட்டால் ஒரு கிராமமே ஏறிவிடும்!

ஆனால் அதே சிப்ரியன் இன்னொரு பக்கம் தாராளமாகவும் இருந்தார். வதைக்கப்படாமலே சிறையில் நோயுற்று இறந்தவர்களையும் இரத்தசாட்சிகளோடு சேர்த்து நினைவுகூர வேண்டும், அவர்கள் இறந்த தேதியைத் தவறாமல் குறித்து வையுங்கள் என்று தம் குருமார்களுக்கு எழுதினார். துன்பம் அவர்களை விட்டு விலகியதே தவிர அவர்கள் துன்பத்தை விட்டு விலகவில்லை என்பது அவருடைய நியாயம். தலைமறைவாக இருந்துகொண்டே இதையெல்லாம் எழுதுகிறார் என்று அவரை ஏசியவர்களும் உண்டு. எட்டு ஆண்டுகள் கழித்து, 258 செப்டம்பர் 14 அன்று, விசாரணைக்கு நின்று வாளுக்குத் தலை கொடுத்தார்.

விதிகள் இறுக்குவதற்கு மட்டும் இருக்கவில்லை, திறந்துவிடுவதற்கும் இருந்தன. ஞானஸ்நானம் பெறும் முன்பே ஒருவர் கொல்லப்பட்டால், அவர் சிந்திய இரத்தமே ஞானஸ்நானம் என்று ஏற்றார்கள். 203 மார்ச் 7 அன்று கார்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண். உடன் இறந்த பெலிசித்தா அடிமை. ரோமாபுரியின் பழைய பட்டியலில் இருவர் பெயரும் ஒரே வரியில் சேர்ந்தே நிற்கின்றன.

எந்த வழக்கு?

மூன்றாவது கேள்வி, எதற்காகத் தண்டனை? இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொந்தானியர் என்ற பிரிவைச் சேர்ந்த அலெக்ஸாந்தர் என்பவர் தம்மை இரத்தசாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு ஆசிரியர் ஒருவர், இவர் எபேசு நகரில் தண்டிக்கப்பட்டது விசுவாசத்துக்காக அல்ல, கொள்ளையடித்ததற்காக என்று எழுதி, சந்தேகம் இருப்பவர்கள் ஆசியா மாகாணத்தின் அரசு ஆவணக் காப்பகத்தில் போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார். சமயச் சண்டையில் 'ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பாருங்கள்' என்று சொல்லும் அந்த ஆசிரியரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கி.பி. 303-ல் டயோக்ளீஷியன் காலத்துத் துன்புறுத்தலில் வேத நூல்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஆணை. கார்தேஜ் ஆயர் மென்சூரியஸ் தம்மிடமிருந்த திருமறைகளை மறைத்துவிட்டு, விரோதக் கொள்கைக்காரர்களின் புத்தகங்களைக் கோயிலில் விட்டுவைத்தார். அதிகாரிகள் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அதே ஆயர், யாரும் கேட்காமலே 'என்னிடம் வேதம் இருக்கிறது, தரமாட்டேன்' என்று வலியப் போய்ச் சொன்னவர்களைக் கௌரவிக்கக் கூடாது என்றும் தடுத்தார். அவர்களில் சிலர் அரசுக்குக் கடன்பட்டுத் தவித்தவர்கள், குற்றவாளிகள். சிறைக்குப் போனால் விசுவாசிகள் சாப்பாடும் பணமும் கொண்டுவந்து தாங்குவார்கள் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு என்பது அவர் வாதம். அது முழுதும் நியாயமா என்று சொல்வதற்கில்லை. தியாகத்துக்கு மதிப்பு ஏறும் இடத்தில் போலியும் வந்து சேரும் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு மலை உச்சியில் நடந்த சாவு இந்தக் கேள்வியை உச்சத்துக்குக் கொண்டுபோயிற்று. வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் கத்தோலிக்கர், டோனட்டிஸ்டுகள் என்று இரண்டாகப் பிளந்திருந்த காலம். 347-ல் அரசு டோனட்டிஸ்டுகளை அடக்கியபோது மார்க்குலஸ் என்ற அவர்களுடைய ஆயர் மலையிலிருந்து விழுந்து இறந்தார். படைவீரர்கள் தள்ளிவிட்டார்கள், ஆகவே இரத்தசாட்சி என்றது அவர்கள் தரப்பு. தாமே குதித்ததாகக் கேள்விப்படுகிறோம் என்றது கத்தோலிக்கர் தரப்பு.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் உடல் கிடக்கும். விழுந்தாரா, தள்ளப்பட்டாரா, தானே பாய்ந்தாரா? உடலில் உள்ள காயம் மூன்றுக்கும் ஒன்றேதான். விடை காயத்தில் இல்லை. பார்த்தவர் யார், அவர் சொல்வதை நம்பலாமா என்பதில் இருக்கிறது. மார்க்குலஸ் வழக்கில் பார்த்தவர்களோ அவரைத் தண்டிக்கக் கொண்டுபோனவர்கள்.

அதை ஒட்டிய ஆண்டுகளில் கார்தேஜில் கூடிய கத்தோலிக்க ஆயர்கள், மலையிலிருந்து குதித்தோ வேறு விதமாகவோ தம்மை மாய்த்துக்கொண்டவர்களுக்கு இரத்தசாட்சி என்ற பெயரைச் சூட்டக் கூடாது என்று விதித்தார்கள். ஹிப்போ நகரத்து ஆயரான அகஸ்டின் பிறகு இதைச் சுருங்கச் சொன்னார்: இரத்தசாட்சியை உண்டாக்குவது தண்டனை அன்று, அதற்கான காரணமே. சிலுவைகள் மூன்று, தொங்கியவர்களில் இருவர் திருடர்கள் என்று அவர் நினைவூட்டினார். தண்டனை மூவருக்கும் ஒன்றுதான்.

பதிவு எங்கே?

நான்காவது, சான்று. கார்தேஜில் லூசில்லா என்ற பணக்கார மாது இருந்தாள். நற்கருணை வாங்கும் முன் ஓர் எலும்பை முத்தமிடுவது அவள் வழக்கம். யாரோ ஓர் இரத்தசாட்சியின் எலும்பு என்றாள். ஒருவேளை இரத்தசாட்சியாகவே இருந்தாலும், சபை இன்னும் அங்கீகரிக்காதவர் என்று கேசிலியன் என்ற உதவியாளர் அவளைக் கண்டித்தார். அவள் அதை மறக்கவில்லை. பின்னாளில் கேசிலியன் ஆயரானபோது எதிரணிக்குப் பணமும் பலமும் கொடுத்தவள் அவளே. டோனட்டிஸ்டுப் பிளவுக்குரிய காரணங்களில் இதையும் ஒன்றாக ஆப்டேட்டஸ் என்ற ஆயர் எழுதிவைத்திருக்கிறார். அங்கீகாரம் பெறாத ஓர் எலும்பு ஒரு திருச்சபை உடைவதில் பங்கு பெற்றது என்றால், சான்று கேட்பது வெறும் குமாஸ்தா வேலை இல்லை என்று தெரிகிறது.

பிரான்சில் தூர் நகரத்து ஆயராக இருந்த மார்ட்டினைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. அவருடைய மடத்துக்கு அருகில் ஓர் இரத்தசாட்சியின் கல்லறை என்று மக்கள் கும்பிட்டு வந்தார்கள். பெயர் என்ன, எந்தக் காலத்தில் இறந்தார் என்று மூத்த குருமார்களை விசாரித்தார். யாருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. அங்கே நின்று பிரார்த்தித்தபோது, தான் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட கொள்ளைக்காரன் என்று இறந்தவனின் ஆவியே வந்து ஒப்புக்கொண்டதாக அவருடைய சரித்திரம் சொல்கிறது. ஆவி வந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். முதலில் பெயரும் காலமும் கேட்டாரே, அதுதான் நமக்கு முக்கியம்.

401-ல் கார்தேஜில் கூடிய ஆயர்கள், வயல்களிலும் வழியோரங்களிலும் முளைத்துவிட்ட நினைவுப் பீடங்களில், உடலோ மிச்சமோ இருப்பதாக நிரூபணம் இல்லாதவற்றை அகற்றச் சொன்னார்கள். கனவில் கண்டதாகச் சொல்லி எழுப்பியவையும் செல்லாது. ஜனங்கள் கலகம் செய்வார்கள் என்றால் புத்திமதியாவது சொல்லுங்கள் என்று ஒரு சலுகையும் வைத்தார்கள். சாலையை அகலப்படுத்தும்போது வழியில் ஒரு சிறு கோயில் நின்றால் என்ன பாடு என்று அனுபவப்பட்டவர்களுக்கு அந்த ஆயர்களின் நிலை நன்றாகப் புரியும்!

முறையான பட்டியலும் இருந்தது. கி.பி. 354-ல் ரோமாபுரியில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கத் தொகுப்பில் இரத்தசாட்சிகளின் பட்டியல் இருக்கிறது. தேதி, பெயர், அடக்கம் செய்யப்பட்ட இடம். வேறு எதுவும் இல்லை. அற்புதங்கள் கிடையாது, அடைமொழி கிடையாது. அளவுப் புத்தகம் எழுதுகிறவன் எழுதியது போலச் சுருக்கம். ஆண்டுதோறும் எந்த நாளில் எங்கே கூட வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்பதே நோக்கம். பெயர் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. கி.பி. 400 வாக்கில் ரோமாபுரியைச் சுற்றிப் பார்த்த கவிஞர் புரூடென்டியஸ், எண்ணிக்கை மட்டும் பொறித்த கல்லறைகளைக் கண்டதாகச் சொல்கிறார். ஒன்றில் அறுபது பேர்.

ஒரே நெருப்பு, இரண்டு மரம்

இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் நியாயமாகவே எனக்குப் படுகின்றன. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதில்தான் மனம் இடறுகிறது. திருச்சபைக்கு வெளியே உள்ளவர் எதற்காக இறந்தாலும் இரத்தசாட்சி ஆகமாட்டார் என்பது அந்த விதி. சிப்ரியனே இதை அழுத்திச் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கமும், மற்றப் பிரிவினரின் இரத்தசாட்சிகளைப் போலிகள் என்று சொல்லி அவர்களிடம் போகக் கூடாது என்று தடுத்தது.

கி.பி. 250-ல், அதே ஸ்மிர்னா நகரத்தில், பியோனியஸ் என்ற குருவை மரத்தில் அறைந்து எரித்தார்கள். அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மரத்தில் மெட்ரோடோரஸ் என்பவரையும் நிறுத்தினார்கள். அவர் மார்சியோனியர் என்ற வேறு பிரிவைச் சேர்ந்த குரு. ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். இருவர் முகமும் கிழக்கே பார்த்திருந்தது என்று பியோனியஸின் வரலாறு எழுதியவரே குறித்திருக்கிறார். அரசின் கேள்வி இருவருக்கும் ஒன்று, பதில் ஒன்று, நெருப்பும் ஒன்று. அழைத்தால் வந்தது, கடைசி வரை நின்றது, சரியான வழக்கு, பதிவு என்று முன்னே சொன்ன நான்கில் எதை வைத்துப் பார்த்தாலும் மெட்ரோடோரஸிடம் குறை காண எனக்குத் தெரியவில்லை. ஆனால் திருச்சபை ஆண்டுதோறும் நினைவுகூர்வது பியோனியஸை மட்டும்தான்.

மற்ற நான்கு விதிகளும் இறந்தவர் என்ன செய்தார் என்று கேட்கின்றன. இந்த ஐந்தாவது மட்டும் அவர் நம்மவரா என்று கேட்கிறது. அளவுகோல் இங்கே கை மாறிவிடுகிறது. பொய்க் கொள்கைக்குச் சொல்லும் சாட்சி எப்படி மெய்ச் சாட்சியாகும் என்பது அவர்களுடைய பதில். அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டாவது மரத்தை அழிக்காமல் விட்டுவைத்த எழுத்தாளருக்கு நான் நன்றி சொல்வேன்.

பட்டியல் சில சமயம் இளகியும் இருக்கிறது. 235-ல் ரோமாபுரியின் ஆயர் பொன்தியானும், குரு இப்போலித்துவும் சார்தீனியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இப்போலித்து ஒரு காலத்தில் போட்டிச் சபை நடத்தியவர் என்று பலர் கருதுகிறார்கள். 354-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருவர் பெயரும் ஆகஸ்ட் 13 என்ற ஒரே தேதியில் இருக்கின்றன.

இந்த விசாரணை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்டது 2022 மே 15 அன்று. இடையில் 270 ஆண்டுகள். அவர் கொல்லப்பட்டது மதம் மாறியதற்காகவா, திருவிதாங்கூர் அரண்மனை அரசியலுக்காகவா என்ற கேள்வி நெடுங்காலம் பேசப்பட்டது. அகஸ்டின் கேட்ட அதே 'எந்தக் காரணம்?'தான்.

நம் காலத்திலும் சிலைகளும் தெருப்பெயர்களும் நினைவு நாள்களும் பெருகியபடியே இருக்கின்றன. ஒரு பட்டியலை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் இரண்டு கேள்விகள் கேட்பேன். தங்களைச் சேர்ந்தவர் ஒருவரையாவது, தகுதி இல்லை என்று இவர்கள் ஒதுக்கியிருக்கிறார்களா? தங்களைச் சேராதவர் ஒருவரையாவது, தகுதி உண்டு என்று சேர்த்திருக்கிறார்களா? ஆதிக் கிறிஸ்தவர்கள் முதல் கேள்வியில் நன்றாகவே தேறினார்கள். இரண்டாவதில் அவர்களும் தடுமாறினார்கள். அந்த இரண்டாவது கேள்வியில் முழு மார்க் வாங்கிய பட்டியல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. வாசகர்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.